டீசல் வானின் இழுவை குறைந்தால் றீமேப்பா, ஈஜிஆர் அடைப்பா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் ஓடும் 2008ஆம் ஆண்டு டொயோட்டா கேடிஎச் வான், 3 லீற்றர் டீசல், மனுவல் கியர். இரண்டு வருடத்துக்கு முன் நுவரெலியா வீதியின் ரம்பொடை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் போன வாகனம், இப்போது இரண்டாம் கியரிலேயே திணறுகிறது. பின்னால் கரும்புகை. டீசலும் கூடக் குடிக்கிறது. ஒரு கராஜில் றீமேப் செய்தால் இழுவை வரும் என்கிறார்கள், இன்னொரு கராஜில் எரிந்த புகையைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வைத் தகடு வைத்து அடைத்தால் போதும் என்கிறார்கள். இரண்டில் எது என்று கேட்கிறீர்கள். உண்மையில் உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: முன்பு இருந்த இழுவை எங்கே போனது? றீமேப் என்பது எஞ்சின் கணினியில் நிறுவனம் எழுதி வைத்த கணக்கை மாற்றுவது. உங்கள் வானில் அந்தக் கணக்கு மாறவில்லை. ஏதோ ஒன்று அடைபட்டிருக்கிறது, கசிகிறது அல்லது தேய்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கணக்கை மாற்றினால் பழுது அப்படியே இருக்க, அதற்கு மேல் சுமையும் ஏறும். ஆகவே இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியதிலிருந்து தொடங்குகிறேன். டீசல் எஞ்சினின் வலுவைத் தீர்மானிப்பது உள்ளே பீய்ச்சும் டீசலின் அளவு. அந்த டீசல் முழுதாக எரியப் போதிய காற்று இல்லாவிட்டால் மிஞ்சுவது கரி, அதுதான் கரும்புகை. எனவே இழுவை குறைந்து கரும்புகையும் வந்தால், ஒன்றில் காற்று போதவில்லை, அல்லது இன்ஜெக்டர் அளவுக்கு மேல் அல்லது ஒழுங்கில்லாமல் பீய்ச்சுகிறது. இழுவை குறைந்து புகையே இல்லாவிட்டால் கதை வேறு: டீசல் வந்து சேரவில்லை, அல்லது கணினி தானாகவே டீசலை மட்டுப்படுத்துகிறது. இந்த ஒரு பிரிப்பைச் செய்யாததால்தான் பலர் டீசல் பில்டர், பம்ப், இன்ஜெக்டர் என்று வரிசையாகக் காசு கொட்டுகிறார்கள். உங்களுக்குப் புகை இருக்கிறது. ஆகவே தேடலைக் காற்றுப் பக்கத்தில் தொடங்குங்கள். வெண்புகையோ நீலப்புகையோ என்றால் இந்தப் பதில் பொருந்தாது. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது ரேடியேட்டர் நீர்.

ஏற்றத்தில் மட்டும் ஏன் தெரிகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ நன்றாக இருந்தால் அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுசெய்துவிடும். ஒரு காற்று ஹோஸ் கசிந்தாலோ காற்று நுழையும் உள்வழி பாதி அடைபட்டாலோ ஈடுசெய்ய மிச்சம் இருக்காது. காலி வீதியில் 40இல் போகும்போது எஞ்சின் கேட்பது அதன் வலுவில் ஒரு சிறு பகுதியை மட்டும் என்பதால் பழுது ஒளிந்துகொள்ளும். கடுகண்ணாவையிலேயே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்.

கராஜுக்குப் போகுமுன் உங்கள் கையில் இருக்கும் ஓர் ஆதாரத்தை எடுத்து வையுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க ஒவ்வோர் ஆண்டும் எடுக்கும் புகைப் பரிசோதனை அறிக்கையில், டீசல் வாகனத்துக்கு கே பெறுமானம் என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது வரும் புகையின் அடர்த்தி அது. சித்தியா இல்லையா என்பதை மட்டும் பார்த்துவிட்டு அலுமாரியில் போட்டுவிடுவோம். கடந்த மூன்று நான்கு வருட அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். எண் ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் கரி படிதல், இன்ஜெக்டர் தேய்மானம் போன்ற மெதுவான காரணம். ஒரே வருடத்தில் குதித்திருந்தால் ஹோஸ் வெடிப்பு, ஈஜிஆர் திறந்தபடி சிக்குதல், டர்போ பழுது போன்ற திடீர்க் காரணம். இது தீர்ப்பு அல்ல, ஆனால் எங்கே முதலில் கை வைப்பது என்பதைச் செலவில்லாமல் சொல்லும்.

இனி வரிசை. முதலில் எயர் பில்டர். ஊதித் துடைத்துப் போட்டது என்றால் கணக்கில் எடுக்காதீர்கள், புதியது போடுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் வாங்கும்போது பெட்டியின் அச்சைவிடப் பில்டரின் விளிம்பைப் பாருங்கள்: றப்பர் விளிம்பு பெட்டியில் சுற்றிவர இறுகி உட்கார வேண்டும், மடிப்புகள் ஒரே இடைவெளியில் இருக்க வேண்டும். விளிம்பு இறுகாத பில்டர் தூசியை உள்ளே விடும், தூசி முதலில் தின்பது டர்போவின் இதழ்களை. பில்டரை மாற்றும்போதே, உள்ளே போகும் காற்றை அளக்கும் எயர் ஃப்ளோ சென்சரைக் கழற்றி, அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயால் மட்டும் கழுவிக் காயவிடுங்கள். துணி, பிரஷ் எதுவும் அந்த மெல்லிய கம்பியில் படக்கூடாது.

அடுத்தது டர்போவிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்று ஹோஸ்கள், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இருந்தால் அதன் இரு பக்கமும். இங்கேதான் அதிகம் அகப்படும், மலிவாகவும் முடியும். றப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளிப்புக்கு அருகே, கையால் வளைத்தால் மட்டும் வாய் திறக்கும் வெடிப்பு இருக்கும். நிற்கும்போது மூடியிருக்கும், அழுத்தம் ஏறும்போது திறக்கும். வெளியே எண்ணெய் ஈரத்தில் தூசி ஒட்டிய கறுப்புத் திட்டு இருந்தால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள். சுமையோடு ஏறும்போது சீறல் சத்தம் கேட்டாலும் அதுதான். உறுதிப்படுத்த, டர்போவின் உள்வாயிலில் ஒரு மூடி பொருத்தி கம்ப்ரஷர் காற்றை 0.7 முதல் 1 பார் வரை மட்டும் ஏற்றி, மூட்டுகளில் சவர்க்கார நீர் தெளித்துப் பார்க்க வேண்டும். 1 பாருக்கு மேல் போனால் நல்ல சீல்களும் போய்விடலாம். ஹோஸின் உள்ளே மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது வழமை, பயப்பட வேண்டாம். கவிழ்த்தால் எண்ணெய் ஊற்றுமளவுக்கு இருந்தால் டர்போவின் சீலையோ, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே விடும் பிரீதரையோ பார்க்க வேண்டும்.

ஹோஸ் கழன்றிருக்கும்போதே, எஞ்சின் ஆறிய பின், டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடுவது இயல்பு. உள்ளே வெளியே தள்ளி இழுக்கும்போது ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, இதழ் கூட்டில் உரசிய கோடு இருந்தாலோ டர்போ முடிந்தது. தண்டு நன்றாக இருந்தும் காற்றழுத்தம் ஏறாவிட்டால், வெளியேறும் பக்கத்தில் இருக்கும் நகரும் தகடுகள் கரியில் சிக்கியிருக்கலாம். அந்தத் தகடுகளை நகர்த்தும் அக்சுவேற்றரை ஸ்கேனரில் இயக்கிப் பார்த்தால் தெரியும்.

இனி ஈஜிஆர். இது பற்றி ஊரில் ஓடும் கதைகள் பாதி சரி, பாதி பிழை. எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடுவது அதன் வேலை. எரியும் வெப்பம் குறைந்து நைதரசன் ஒட்சைட்டுகள் குறையும். குறைந்த சுமையில் திறந்திருக்கும், அக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் மூடிக்கொள்ளும். இதை நன்றாகக் கவனியுங்கள்: வால்வு சரியாக வேலை செய்தால், முழு மிதியில் ஏறும்போது அது ஏற்கெனவே மூடியிருக்கிறது. அப்போது தகடு வைத்து அடைப்பதால் ஏற்றத்தில் ஒரு குதிரைவலுகூடக் கூடாது. அடைத்த பிறகு இழுவை வந்தது என்று ஒருவர் சொன்னால், அவருடைய வால்வு மூடாமல் சிக்கியிருந்தது என்று பொருள். வால்வைக் கழற்றிச் சுத்தப்படுத்தினாலோ மாற்றினாலோ அதே பலன் கிடைத்திருக்கும்.

அடைத்தால் வரும் சங்கடங்களும் உண்டு. ஈஜிஆர் ஓட்டத்தைக் கண்காணிக்கும் கணினி என்றால் செக் எஞ்சின் விளக்கு எரியும், பி0401 போன்ற பழுதுக் கோட் பதிவாகும், சில வேளை கணினியே வலுவைக் குறைக்கும். நம் புகைப் பரிசோதனையில் டீசலுக்கு அளப்பது புகையின் அடர்த்தி என்பதால் அடைத்தது அங்கே அகப்படாமல் போகலாம். ஆனால் கூடும் நைதரசன் ஒட்சைட்டைச் சுவாசிப்பது பள்ளிக்கூட வாசலில் உங்கள் வானுக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள். இதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈஜிஆர் பற்றிய கதையில் சரியான பாதி, அது உள்வழியை அடைக்கும் என்பது. ஈஜிஆர் வழி வரும் கரியும், பிரீதர் வழி வரும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் இன்டேக் மேனிபோல்டின் சுவரில் தாராகப் படியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெகிவளை என்று ஏசி போட்டபடி ஊர்ந்து ஓடும் வானில் ஈஜிஆர் அதிக நேரம் திறந்திருப்பதால் இந்தப் படிவு விரைவாகவே சேரும். கட்டை விரல் நுழையும் துளை பேனா நுழையும் அளவுக்குச் சுருங்கியதைக் கழற்றியவர்கள் அறிவார்கள். உங்கள் அறிகுறிகளுக்கும் இரண்டு வருட மெதுவான சரிவுக்கும் நன்றாகப் பொருந்தும் காரணம் இது. ஆனால் ஈஜிஆர் வால்வைக் கழற்றி, டோர்ச் அடித்து, உள்ளே கண்ணால் காணும் வரை இது ஊகமே.

சுத்தப்படுத்துவதில் மூன்று எச்சரிக்கை. மேனிபோல்டைக் கழற்றி வெளியே வைத்துத்தான் செய்ய வேண்டும், சுரண்டிய கரி எஞ்சினின் வால்வுப் பக்கம் விழுந்தால் சேதம் பெரிது. காஸ்டிக் சோடாவில் ஊறவைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது அலுமினியத்தை அரித்துவிடும், கண்டிப்பாக விடாதீர்கள். மண்ணெண்ணெய், காபரேட்டர் கிளீனர், மரக்குச்சி, பொறுமை, இவை போதும். எஞ்சின் ஓடும்போது உள்வழியில் கிளீனர் ஸ்ப்ரேயைத் தாராளமாக அடிப்பதும் ஆபத்து: அது எரியக்கூடிய திரவம், டீசல் எஞ்சினுக்கு அது இன்னொரு எரிபொருள். கட்டுப்பாடில்லாமல் வேகம் ஏறும். திரும்பப் பூட்டும்போது எல்லா கேஸ்கட்டும் புதியது.

காற்றுப் பக்கம் முழுவதும் சரியென்று தெரிந்த பிறகே இன்ஜெக்டர். இங்கே எண்களைப் பார்க்காமல் யாரும் எதுவும் சொல்லக்கூடாது. ஜப்பான் சந்தைக்கு வந்த பழைய டொயோட்டாக்களில் பழுதுக் கோட் வாசிக்கும் மலிவான புளூடூத் ஓபிடி கருவி பல வேளை இணைவதே இல்லை. வான் பழுது என்று நினைக்க வேண்டாம், மொழி வேறு. டொயோட்டாவுக்கான டெக்ஸ்ட்ரீம் மென்பொருள் உள்ள இடத்துக்குப் போங்கள். எஞ்சின் சூடேறி, அக்சிலரேட்டரை மிதிக்காமல் ஐட்லில் ஓடும்போது நான்கு சிலிண்டருக்கும் இன்ஜெக்ஷன் ஃபீட்பாக் என்று நான்கு எண் வரும். மைனஸ் 3க்கும் பிளஸ் 3க்கும் இடையில் இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. ஒன்று மட்டும் வெளியே போனால் அந்தச் சிலிண்டரில் ஏதோ உண்டு. ஏதோ உண்டு என்றுதான் சொல்கிறேன்: பிளஸ் பக்கம் கூடினால் அந்தச் சிலிண்டர் சோர்ந்திருக்கிறது, கணினி கூடுதல் டீசல் கொடுத்துத் தாங்குகிறது என்று அர்த்தம். சோர்வுக்குக் காரணம் இன்ஜெக்டராகவும் இருக்கலாம், கம்ப்ரஷன் குறைவாகவும் இருக்கலாம். கம்ப்ரஷன் பார்க்காமல் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்பவரிடம் அவசரப்பட்டு ஆம் சொல்லாதீர்கள். புதிய இன்ஜெக்டர் போட்டால் அதன் தலையில் அச்சிட்டிருக்கும் கோடைக் கணினியில் பதிய வேண்டும், பதியாமல் விட்டால் ஐட்ல் ஆடும், புகையும் நிற்காது.

உங்கள் வானில் இருக்கும் 1கேடி எஞ்சினில் இன்ஜெக்டரோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, அதன் அடியில் இருக்கும் செப்பு வாஷர். அது கசிந்தால் எரிந்த வாயு மேலே ஏறி எண்ணெயைக் கரியாக்கும், அந்தக் கரி எஞ்சினின் அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பில் இறங்கி எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைக்கும், எண்ணெய் அழுத்தம் போய் எஞ்சினே போகும். ஐட்லில் எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். சீரான மெல்லிய ஆவி வந்தால் பரவாயில்லை. தாளத்தோடு புஸ் புஸ் என்று அடித்து, மூடியின் உட்புறம் கடினமான கருங்கரி ஒட்டியிருந்தால் வாஷரைச் சந்தேகியுங்கள். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் கூடியும் டீசல் வாடையும் இருந்தால் டீசல் எண்ணெயில் கலக்கிறது, அந்த வாகனத்தை மலைக்கு ஓட்ட வேண்டாம். இன்ஜெக்டரைக் கழற்றினால் பழைய வாஷரைத் திரும்பப் போடவே கூடாது.

ஓர் ஆபத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய 2எல், 3எல் எஞ்சின்களில் ஓடும்போதே இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று பார்ப்பார்கள். உங்கள் வானில் இருப்பது கொமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் டீசலை ஒரே குழாயில் உயர் அழுத்தத்தில் தேக்கிக் கொடுப்பது. அதில் இதைச் செய்யக்கூடாது. ஐட்லிலேயே ரெயிலில் சில நூறு பார், சுமையில் ஆயிரம் பாருக்கு மேல். ஊசி முனை அளவுக் கசிவு தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்தும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், உள்ளே கையையே இழக்கும் காயம். கசிவைத் தேட விரலை வைக்காதீர்கள், காட்போட் துண்டைப் பிடியுங்கள். யாருக்காவது அப்படிப் பட்டுவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே தேசிய வைத்தியசாலை விபத்துப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும், டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லியே காட்ட வேண்டும்.

டீசல் பில்டர் உங்கள் புகைக்குக் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு, அது அடைபட்டால் புகையில்லாமல் வலு குறையும். ஆனால் இன்ஜெக்டரின் ஆயுள் அதன் கையில். 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது நம் நிலைமைக்கு அதிகம் அல்ல. மாற்றும்போது புதிய பில்டருக்குள் போத்தலில் இருந்து டீசல் ஊற்றிப் பூட்டுவார்கள். ஊற்றிய டீசல் வடிகட்டாதது, நேராகப் பம்புக்குப் போகும். வெறுமையாகப் பூட்டி, மேலே உள்ள கைப்பம்பை இறுகும் வரை அழுத்தினால் போதும். அடியில் உள்ள குமிழைத் தளர்த்தி நீரை வடிப்பதை மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை செய்யுங்கள். ஐட்லில் ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊசலாடினாலோ, பி1229 என்ற கோட் வந்தாலோ மட்டும் பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் எஸ்சிவி வால்வைப் பாருங்கள். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

சக்கரங்களையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிரேக் அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீற்றர் ஓடிய பின் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடி இருக்கிறது. கூடும் டீசல் செலவில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம்.

சுப்பர் டீசல் அடித்தால் சரியாகுமா என்றும் கேட்டீர்கள். அதில் கந்தகம் குறைவு, ஐட்ல் கொஞ்சம் மென்மையாகலாம், டிபிஎஃப் என்னும் புகைக்கரி வடிகட்டி உள்ள வாகனத்துக்கு அது தேவையும்கூட. படிந்த கரியை அது கரைக்காது, வெடித்த ஹோஸை ஒட்டாது.

இந்த வரிசையில் உங்கள் வானில் எது என்று பார்க்காமல் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. பந்தயம் கட்டச் சொன்னால் இன்டேக் கரியும் ஈஜிஆர் வால்வும் முதலாவது, ஹோஸ் கசிவு இரண்டாவது, இன்ஜெக்டர் மூன்றாவது. ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே ஏற்றத்தில், அதே ஆட்கள் எண்ணிக்கையோடு ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒரே நாளில் மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. டீசல் செலவையும் மீற்றர் ஊசியை நம்பிப் பார்க்க வேண்டாம். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில், முதல் தடவை தானாக நிற்கும் வரை நிரப்பி, 300 கிலோமீற்றர் ஓடி, மறுபடி அதே மாதிரி நிரப்பிக் கணக்கிடுங்கள்.

இழுவை பழையபடி வந்த பிறகும் இன்னும் வேண்டும் என்றால் அப்போது றீமேப் பற்றிப் பேசலாம். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் நிதானமான றீமேப் வேலை செய்யும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அது கூட்டுவது டீசலையும் காற்றழுத்தத்தையும், அவை இரண்டும் கூட்டுவது வெப்பத்தை. நீண்ட ஏற்றத்தில் டர்போவுக்கு முன் வெளியேறும் வாயு 700, 750 பாகை செல்சியசுக்கு மேல் நீடித்தால் அலுமினிய பிஸ்டனுக்கு ஆபத்து, 1கேடியில் பிஸ்டனில் கீறல் விழுவது அறியப்பட்ட குறையும்கூட. கிளச்சும் நழுவத் தொடங்கும். ரெயில் சென்சருக்கு நடுவில் சொருகும் சிறு பெட்டிகள் இதைவிட மோசம்: உண்மையான அழுத்தத்தைக் குறைத்துக் காட்டிக் கணினியை ஏமாற்றி ரெயில் அழுத்தத்தை ஏற்றுகின்றன, கணினி தன் பாதுகாப்பு எல்லையை இழக்கிறது. கரும்புகை வரும் வானுக்கு இரண்டும் கூடாது. செய்வதானால் முன்னும் பின்னும் முழு மிதியில் காற்றழுத்தம், ரெயில் அழுத்தம் இரண்டையும் பதிந்து காட்டும் இடத்தில் செய்யுங்கள். எழுதுமுன் கணினியில் உள்ள பழைய கணக்கை, அதாவது மேப்பை, வாசித்து அதன் பிரதி ஒன்றை உங்கள் பென்டிரைவில் தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.